ஊருக்கு ஒரு ஒத்தடம்

கள்ளக்குறிச்சியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் அவன் மகள், செல்போனில் கொரிய சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொரியர்கள் இப்போது நல்ல தமிழ் பேசுகிறார்கள். அப்பாவை அவர்களும் ‘அப்பா’ என்றே கூப்பிடுவதால் டப்பிங்காரர்களுக்குக் கொஞ்சம் வேலை மிச்சம்.

“பெரியப்பா, இங்க பாருங்க. எல்லாரும் ஒரே கலர்ல டிரஸ் போட்டுக்கிட்டு, தலையில துண்டை ஆட்டுக் கொம்பு மாதிரி சுத்திக்கிட்டு, தரையில உக்காந்து முட்டை தின்றாங்க. இது என்ன, ஆஸ்பத்திரியா, ஜெயிலா?”

“ரெண்டும் இல்லடா. குளிக்கிற இடம்.”

“குளிக்கிற இடத்துல எதுக்கு முட்டை?”

நியாயமான கேள்விதானே? உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறோம். குளியலில் ஆரம்பித்தாலும், முடியும் இடம் வேறு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த இடத்துக்குப் பெயர் ஜிம்ஜில்பாங். ‘பாங்’ என்றால் அறை. ‘ஜிம்ஜில்’ என்றால்? நம் பாட்டி உப்பை வறுத்து, துணியில் முடிந்து, சுளுக்கின மேல் வைப்பாளே... அதேதான். ஒத்தடம். ஜிம்ஜில்பாங் என்றால் ஒத்தட அறை. தமிழும் கொரிய மொழியும் சொந்தம் என்று நாம் அடிக்கடி மார்தட்டுகிறோம். 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்கிற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டுவிட்டார். மொழியியலாளர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பா, அம்மாவெல்லாம் எந்த நாட்டுக் குழந்தையும் முதலில் உளறுகிற சத்தம்தான் என்கிறார்கள். போகட்டும். உறவு கொண்டாடியே ஆகவேண்டும் என்றால் ஒத்தடத்தில் கொண்டாடலாம். அதில் சண்டைக்கு வர யாரும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் சோல் நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் நண்பரின் மகன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னை ஜிம்ஜில்பாங்குக்கு இழுத்துக்கொண்டு போனான். வாசலில் காசு கட்டினால் ஒரு சாவி, ஒரு பருத்தி பனியன், ஒரு அரை டிராயர், இரண்டு சின்னத் துண்டு. செருப்பை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, துணிமணியை இன்னொரு பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். இங்கேதான் ஆரம்பித்தது வினை.

“மாமா, குளிக்கிற பக்கம் போகும்போது ஒண்ணும் போடக் கூடாது.”

“ஒண்ணும்னா?”

“ஒண்ணும்.”

ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்பதுதான் ஒரே ஆறுதல். கோவணம் கட்டிக் கிணற்றில் குதித்து வளர்ந்தவன்தான் நான். இருந்தாலும் அந்தத் துண்டை விட எனக்குக் கை வரவில்லை. ஐந்து நிமிஷம் தவித்தேன். அப்புறம் சுற்றிலும் பார்த்தேன். தாத்தா பேரனுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருக்கிறார். மேனேஜர் மாதிரி இருந்த ஒருவரும் லாரி டிரைவர் மாதிரி இருந்த ஒருவரும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இவர் மேனேஜர், அவர் டிரைவர் என்பதுகூட என் ஊகம்தான். சட்டை இல்லாதபோது யார் கண்டது? என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். 40 டிகிரியை ஒட்டிய வெந்நீர் ஒன்று, அதைவிடச் சூடாக ஒன்று, பல் கிட்டுகிற பச்சைத் தண்ணீர் ஒன்று. நன்றாக ஊறின பிறகு, தனியாகக் காசு கொடுத்தால், ஒருவர் பெஞ்சில் படுக்கவைத்து, கையில் சொரசொரப்பான பச்சை உறை மாட்டிக்கொண்டு உடம்பு முழுக்கத் தேய்க்கிறார். அந்த உறைக்குப் பெயர் ‘இத்தாலி துண்டு’. 1960-களில் பூசானில் கண்டுபிடித்தது. துணி இத்தாலியிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். நம்ம பீர்க்கங்கூடுக்கு நெருங்கின சொந்தம். தினம் இரண்டு வேளை குளிக்கிறவன் என்ற என் கர்வமெல்லாம் சாம்பல் நிறத்தில் உருண்டு உருண்டு விழுந்தது.

அதன் பிறகு பனியன், டிராயரைப் போட்டுக்கொண்டு பொதுக் கூடத்துக்கு வந்தால்... அதுதான் தம்பி மகள் பார்த்த காட்சி. தரைக்கு அடியில் சூடு ஓடுகிறது. குளிருக்காக வீடுகளில் காலங்காலமாக அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, ஓந்தோல் என்று பெயர். குடும்பம் குடும்பமாக அந்தத் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். சுற்றிலும் சின்னச் சின்னச் சூடு அறைகள். ஒன்றில் செம்மண் பூச்சு, ஒன்றில் உப்புக் கட்டி, ஒன்றில் கரி. வெந்து வெளியே வந்தால் குளிர ஒரு பனி அறை. சுட்டுப் பழுப்பேறின முட்டையை நெற்றியில் தட்டி உடைத்துத் தின்றுவிட்டு, அரிசியும் முளைகட்டின பார்லியும் சேர்த்துச் செய்த ஷிக்கே என்ற ஜில்லென்ற இனிப்புத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். நீராகாரத்தில் சர்க்கரை போட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி. ஆட்டுக் கொம்புத் துண்டு, 2005-ல் வந்த ‘மை லவ்லி சாம் சூன்’ சீரியலில் நாயகி கட்டிப் பிரபலமானது. பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். கடைசி ரயிலை விட்டவன், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவன், ஹோட்டலுக்குக் காசில்லாத மாணவன்... எல்லோரும் அங்கே ராத்தங்கலாம்.

புகழ்ந்தது போதும். விமர்சனம் என்றால் குறையும் சொல்லவேண்டும் இல்லையா?

முதல் குறை, அந்த அறைகளின் வாசலில் தொங்கும் பலகைகள். இந்த மண் விஷத்தை இழுக்கும், அந்தக் கல் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்கிற ரகம். நம் ஊர் லேகிய விளம்பரத்துக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. கல்லுக்கு அந்த வேலை இல்லை. சூட்டினால் ரத்த ஓட்டம் கூடும், தசை இளகும், தூக்கம் வரும். அது நிஜம். ஃபின்லாந்தில் 2,315 நடுத்தர வயது ஆண்களைச் சுமார் 20 வருஷம் கவனித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடிக்கடி சானா எனும் சூட்டு அறைக் குளியல் போட்டவர்களிடையே இதய நோய்ச் சாவு குறைவாக இருந்ததாம். சானாவால்தான் குறைந்தது என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. வாரத்தில் நாலு நாள் வெந்நீர் அறையில் சாவகாசமாக உட்காருகிற அளவுக்கு வாழ்க்கை அமைந்தவனுக்கு நெஞ்சு நன்றாகத்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்டால், அதுவும் சரியான கேள்விதான்.

சூடு விளையாட்டும் இல்லை. கொரியாவில் 15-ஆம் நூற்றாண்டிலேயே புத்த பிக்குகள் நோயாளிகளுக்காக வியர்வைக் குளியல் கூடங்கள் நடத்தியிருக்கிறார்கள். நோயின் தன்மை பார்க்காமல் வியர்க்கவைத்ததில் சிலர் செத்துப்போனார்கள் என்று தெரிந்து, 1422-ல் செஜோங் மன்னர் விசாரிக்கச் சொன்னது அரச குறிப்பில் இருக்கிறது. இன்றைக்கும் இதய நோய்க்காரர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் சூட்டு அறைக்குள் போகக் கூடாது. குடித்துவிட்டு யாருமே போகக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அதற்கு வருவோம்.

இரண்டாவது குறை கொஞ்சம் பெரியது. எல்லோரும் சமம் என்றேன் அல்லவா? அந்த ‘எல்லோரும்’ யார்? உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்து, கொரியக் குடியுரிமையும் வாங்கிவிட்ட ஒரு பெண்ணை, 2011-ல் பூசானில் ஒரு குளியல் கூடத்தில் உள்ளே விடவில்லை. முகம் வெளிநாட்டு முகமாக இருக்கிறது, மற்ற வாடிக்கையாளர்கள் அருவருப்பார்கள் என்று காரணம். தண்ணீர் யாருக்கும் பேதம் பார்ப்பதில்லை. வாசலில் நிற்கிறவன் பார்க்கிறான்.

இதைப் படித்துவிட்டு ‘பார், கொரியாக்காரன் யோக்கியதையை!’ என்று நாம் சந்தோஷப்பட முடியாது. கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தத்தில், 2023 ஜனவரியில், பெருமாள் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் நுழைந்தார்கள். சுற்றிலும் போலீஸ் நிற்க, அதிகாரிகள் கூட வர, அப்புறம்தான் நுழைய முடிந்தது. சாமி கும்பிடவே இந்தப் பாடு. ஒரே தொட்டித் தண்ணீரில் எல்லோரும் இறங்குவது என்றால்? 1927-ல் மகாட் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பதற்கே அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நம்மிடம் குளம் இருந்தது, படித்துறை இருந்தது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருந்தது, சித்த வைத்தியத்தின் 32 புற மருந்துகளில் வேதும் ஒத்தடமும் இருந்தன. ‘எல்லோரும் வாங்க’ என்கிற ஒரு பொதுக் கூடம்தான் இல்லை. துணியைக் கழற்ற நமக்கு வெட்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கென்னவோ அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. பக்கத்தில் யார் இறங்குவான் என்கிற பயம்தான் பாதி.

இனி கள்ளக்குறிச்சிக்கு வருவோம்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நெல், கரும்பு, மரவள்ளி விளைகிற பூமி. அரிசி ஆலைகள், சர்க்கரை ஆலைகள், மரச் சிற்பம் செதுக்குகிற பட்டறைகள். எல்லாமே முதுகும் தோளும் ஒடிகிற வேலை. மேற்கே கல்வராயன் மலை. நாடு சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய 30 வருஷம் கழித்து, 1976-ல்தான் ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து விடுபட்ட மலை.

தம்பி வீட்டுக்குப் பின் தெருவில் ஒருவர், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பார்த்தால் பத்து வயது பெரியவர்.

“நெல்லு அவிக்கிற எடத்துல நின்னா ஆவி மூஞ்சில அடிக்கும் சார். அங்கருந்து வந்து மூட்டை. ராத்திரி படுத்தா தோள்பட்டை தனியாக் கழண்டு கெடக்குற மாதிரி இருக்கும். ஒரு கட்டிங் போட்டாத்தான் கண்ணு மூடுது.”

கவனித்தீர்களா? வெந்நீர் இருக்கிறது, ஆவி இருக்கிறது, கொதிகலனுக்குப் போட உமி மலை மலையாக இருக்கிறது. எல்லாம் நெல்லுக்கு. அவித்த நெல்லை மூட்டை கட்டித் தூக்குகிற மனுஷனுக்கு ஒரு செம்பு வெந்நீர் கிடையாது.

அந்த ‘ஒரு கட்டிங்’ என்ன செய்யும் என்று 2024 ஜூனில் இந்தியாவே பார்த்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. 60 பேருக்கு மேல் செத்தார்கள். பலர் தினக்கூலிகள், சுமை தூக்குகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள். பெண்களும் இருந்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது அரசு. கல்வராயன் மலையில் ஊறல்களைத் தேடித் தேடி அழித்தது போலீஸ். மலைவாசிகளுக்குப் பிழைப்புக்கும் அடிப்படை வசதிக்கும் என்ன செய்திருக்கிறீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்துக் கேட்டது. எல்லாம் சரி. ஒரே ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. பொழுதெல்லாம் மூட்டை தூக்கின உடம்பு, சாயங்காலம் எங்கே போகும்?

ஒரு வெந்நீர்க் கூடம் இருந்திருந்தால் அந்தச் சாவுகள் நடந்திருக்காது என்று சொல்கிற அளவுக்கு நான் அசடு இல்லை. குடி என்பது உடம்பு வலி மட்டும் இல்லை. அது ஒரு நோய், ஒரு வியாபாரம், ஓர் அரசியல். கொரியர்களும் குடிக்காதவர்கள் இல்லை. சோஜு அவர்கள் தேசிய பானம் மாதிரி. நான் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். களைத்த உடம்புக்கு நம் ஊரில் திறந்திருக்கும் கதவு ஒன்றே ஒன்று. அதன் மேல் பச்சை போர்டு மாட்டியிருக்கிறது. இரண்டாவதாக ஒரு கதவு வேண்டாமா?

‘ஏன், ஸ்பா இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. நம் பத்திரிகைகளில் ‘ஸ்பா’ என்ற சொல் இரண்டு இடத்தில்தான் வரும். ஒன்று, முழுப்பக்க விளம்பரம். இன்னொன்று, போலீஸ் சோதனைச் செய்தி. இரண்டிலுமே மூட்டை தூக்குகிறவருக்கு இடமில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொரியாவில் 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வான். சாதாரண ஜிம்ஜில்பாங்குக்கு நுழைவுக் கட்டணம் 12,000 வான் அளவில் இருக்கும். நம் காசுக்கு 700, 800 ரூபாய். அதாவது, அங்கே கடைநிலைத் தொழிலாளி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உழைத்தால் போதும், ராத்திரி முழுக்க வெந்நீரும் வெதுவெதுப்பான தரையும் கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் 2025-26-க்கு நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டால் வகுத்தால் மணிக்கு 42. சென்னையில் ஸ்பாவில் ஒரு மணி நேரத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏழு நாள் கூலி போதாது. அங்கே ஒரு மணி நேரம், இங்கே ஒரு வாரம். வித்தியாசம் இவ்வளவுதான்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “ஏற்கெனவே வெயில்ல வெந்துக்கிட்டிருக்கோம். இதுல சூட்டு அறை வேறயா? சோல்ல பனி கொட்டுது, அவனுக்குத் தேவை. கள்ளக்குறிச்சிக்கு எதுக்குய்யா?”

நியாயம்தான். மே மாதத்தில் அக்கினிக் குண்டம் யாருக்கும் வேண்டியதில்லை. ஆனால் அதே நண்பர், மே மாதத்திலும் மூட்டு வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறவர். வெயில் வேறு, ஒத்தடம் வேறு. வெயில் நம்மைக் கேட்காமல் மேலே விழுகிறது. ஒத்தடத்தை யாரோ நமக்காகக் கொடுக்கிறார்கள். ஜிம்ஜில்பாங்கில் எனக்குப் பிடித்தது அந்தச் சூடு இல்லை. ‘நீ களைத்திருக்கிறாய், வந்து படு’ என்று ஒரு பொது இடம் சொல்கிறதே, அது.

நம்மிடம் அப்படி இலவசமாகச் சொல்கிற ஒன்று இருக்கிறது. அருவி. கல்வராயன் மலையில் மேகம், பெரியார் என்று அருவிகள் உண்டு. வெள்ளிமலைப் பக்கம் போகிறவர்கள் தலையைக் கொடுக்காமல் திரும்புவதில்லை. தண்ணீர் தோளில் விழுகிறபோது கிடைக்கிற பிடித்துவிடலுக்கு எந்த ஸ்பாவும் ஈடாகாது. ஆனால் மலையில் நான் போன ஓர் அருவியில் (பெயர் வேண்டாம்) பாறையெல்லாம் பாட்டில் சில்லு. என்னோடு வந்த பெண்கள் உடை மாற்ற மறைவிடம் தேடி, கிடைக்காமல், ஈரத்தோடு வேனில் ஏறினார்கள். இயற்கை தன் வேலையைச் செய்துவிட்டது. ஒரு நாலு சுவர் கட்டுகிற நம் வேலைதான் பாக்கி.

அதனால் ஒரு யோசனை. சிரிக்காமல் கேளுங்கள். 2013-ல் ஒரு ரூபாய்க்கு இட்லி என்று அம்மா உணவகம் ஆரம்பித்தபோதும் முதலில் பலர் சிரித்தார்கள். அப்புறம் வரிசையில் நின்றார்கள். அதே மாதிரி ஊருக்கு ஒரு ஒத்தடக் கூடம். அம்மணமெல்லாம் வேண்டாம், துண்டோ நைட்டியோ கட்டிக்கொள்ளலாம். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. ஒரு வெந்நீர்த் தொட்டி, நொச்சி இலை போட்ட ஆவி அறை ஒன்று, காற்றோட்டமாகப் பாய் விரித்த கூடம் ஒன்று, ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸம்மா. எரிக்க உமி, வெயில் காலத்தில் சூரிய ஹீட்டர். முட்டைக்குப் பதில் அவித்த மரவள்ளிக் கிழங்கு. கட்டணம் 40 ரூபாய். ஒரு மணி நேரக் கூலி. குடித்துவிட்டு வந்தால் உள்ளே விடக் கூடாது. ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த விதிக்கு இங்கேதான் வேலை. வாரத்தில் ஒரு சாயங்காலமாவது ஒருத்தரை அந்தப் பச்சை போர்டைத் தாண்டி நடக்கவைத்தால்கூட லாபம்தான். சாதி கேட்டு வாசலில் எவனாவது நின்றால், அவனை மட்டும் வெளியே நிறுத்த வேண்டும்.

ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, அந்த மூட்டை தூக்கும் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையெல்லாம் சொன்னேன். “முட்டையை நெத்தியில ஒடைக்கிறாங்களா?” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கரும்பு வெட்டப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அவர் மனைவி, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

“அண்ணே, அங்க பொம்பளைங்களுக்கும் உண்டுங்களா?”

“உண்டும்மா. தனியா இருக்கு.”

“ராத்திரிக்கும் படுத்துக்கலாமா?”

“தாராளமா.”

“யாரும் எழுப்ப மாட்டாங்களா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இத்தனை பேசினேனே, ஆணுக்காவது ஒரு கெட்ட கதவு திறந்திருக்கிறது, இவருக்கு எந்தக் கதவும் இல்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

“மாட்டாங்கம்மா” என்றேன்.

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, உலை வைக்க உள்ளே போனார்.